மேசைமேல் ஒரு தேயிலைத் தோட்டம்

விளையாட்டுச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ராஜலிங்கம் தன் கௌரவத்தைக் கூட்டிக்கொண்டு போனார். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஸெய்னுலாப்தீன் முதலாளியின் கடையில் அவர் நின்ற நிலையைப் பார்த்தால், மகளுக்கு மாப்பிள்ளை தேட வந்தவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு வகையில் அது உண்மையும்கூட.

மகள் சீதா ஆசிரியை. அவளைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கடுகண்ணாவையிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை சண்முகநாதன் வங்கியில் வேலை. அப்பா பெரியதம்பிக்கு இரும்புக் கடை. போட்டோ கைமாறிய பிறகு சீதாவும் சண்முகநாதனும் போனில் பேசிக்கொள்கிறார்கள். சீதாவுக்குப் பிடித்திருந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் தரகர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“ரொம்ப நாகரிகமான ஆளுங்க ஐயா. ஞாயித்துக்கிழமைன்னா டீவி போட மாட்டாங்க. குடும்பமா மேசையைச் சுத்தி ஒக்காந்து போர்ட் கேம் விளையாடுவாங்களாம்.”

“நாங்களும் அப்படித்தானே” என்று ராஜலிங்கம் கூசாமல் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஒரே விளையாட்டு, ரிமோட்டை யார் வைத்திருப்பது என்று அவருக்கும் அவர் மனைவி சுந்தரிக்கும் நடக்கும் இழுபறிதான்.

ராஜலிங்கத்துக்கு இப்படிச் சொல்வது புதிதல்ல. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை அறைகளில் ஒன்றில், பிறந்தவர் அவர். படிக்கக் கண்டிக்கு வந்தார், ஒரு காப்புறுதிக் கம்பனியில் கடிதம் எழுதும் லிகிதர் ஆனார், பிறகு பிரதான லிகிதரும் ஆனார். ஒவ்வொரு படி ஏறும்போதும் பிறந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் “தாத்தா காலத்துலயே டவுன்ல புடவைக் கடை” என்று வந்து நின்றது. சுந்தரி ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துப் பெண். அவளுக்கும் ஒரு புடவைக் கடைத் தாத்தாவை அவரே ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு மத்தியில், இவர் ஒரு மலையையே மறைத்து வைத்திருந்தார்.

“குடும்பமா விளையாடுற மாதிரி நல்லதா ஒண்ணு காட்டுங்க முதலாளி. சின்னவங்க பெரியவங்க எல்லாரும் விளையாடணும்” என்றார்.

ஸெய்னுலாப்தீன் முதலாளி கெரம் பலகையைக் காட்டினார். ராஜலிங்கம் அவசரமாக வேண்டாமென்று கையாட்டினார். அவர் கெரம் அடிக்கக் கற்றது தோட்டத்துச் சனசமூக நிலையத்தில். பெருவிரலால் சுண்டும் அந்த அடி பத்துப் பேருக்கு நடுவில் நின்று அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். லூடோவைக் காட்டினார். அது தாயக்கட்டத்துக்கு டவுனில் பிறந்த தம்பி. காய் வெட்டுப்பட்டால் தன் வாயிலிருந்து என்ன வரும் என்று ராஜலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். பாம்பும் ஏணியும் பெண் பார்க்கிற நாளில் சரிவராது, சம்பந்தியைப் பாம்பு கொத்திக் கீழே இறக்கினால் சகுனம் என்ன ஆவது? எழுத்துகளை அடுக்கி இங்கிலீஷ் சொல் கட்டுகிற விளையாட்டும் இருந்தது. அவருடைய இங்கிலீஷ், செத்தவர்களின் குடும்பத்துக்குப் பணம் தரமுடியாது என்று எழுதுவதற்கு மட்டுமே பழகியது. சதுரங்கம் கௌரவமானதுதான். ஆனால் ராணி நாலு பக்கமும் ஓடி ஓடி உழைக்க, ராஜா இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்தால் சுந்தரிக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

ஸெய்னுலாப்தீன் வாய்விட்டுச் சிரித்தார். “கடுகண்ணாவயால ஒருத்தர் போன கெழம வந்து இப்படித்தான் நிண்டு நிண்டு பாத்தார். கெரம் வாணாம், லூடோ வாணாம்டு சென்னார். இப்ப புள்ளைகளுக்கு வெளாட்டுச் சாமான் எடுக்கிறதுக்கு இவ்வளவு பயமா ஈக்கி!”

ராஜலிங்கத்தின் காதில் அது ஏறவே இல்லை. அவர் கண் மேல்தட்டில் இருந்த ஒரு பெரிய பெட்டியில் நின்றுவிட்டது. பச்சை மலை, வெள்ளைப் பங்களா, தொப்பி போட்ட துரை, தூரத்தில் புள்ளி புள்ளியாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள்.

“அது ஜெர்மன்காரன் செஞ்சது. ஆளுக்கொரு தேயிலைத் தோட்டத்துக்குத் தொர ஆகி வெளாடுற. வெள்ளக்காரங்கதான் வாங்கிட்டுப் போற” என்றார் முதலாளி.

பிரதான லிகிதரின் மூளை அப்போதுதான் உச்சத்தில் வேலை செய்தது. தோட்டத்து ஆள் எவனாவது கைக்காசு கொடுத்துத் தோட்டத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவானா? மாட்டான். ஆகவே இது வீட்டில் இருந்தால் நாங்கள் தோட்டத்து ஆட்கள் அல்ல. பெட்டியை இறக்கச் சொன்னார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன்கூட இவ்வளவு பெருமையாக வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்.

கட்டுகஸ்தோட்டையில் இருந்த வீட்டில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. அதன் பெயர் மூக்காயி.

மூக்காயி ராஜலிங்கத்தின் அக்கா. அப்பா அம்மா போன பிறகு கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டித் தம்பியைப் படிக்க வைத்தவள். அந்த மும்முரத்தில் தனக்கு ஒரு கல்யாணம் நடக்க வேண்டும் என்பதை அவளும் மறந்தாள், அவனும் ஞாபகப்படுத்தவில்லை. இன்றைக்கும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். மாதத்தில் ஒரு தடவை போஞ்சியும் ஆனைக்கொய்யாவுமாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெல்தோட்டை பஸ்ஸில் வந்து இறங்குவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளை மரக்கறிக்காரி என்று நினைத்திருந்தார்கள். ராஜலிங்கம் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.

பெண் பார்க்கும் செய்தி கேட்டு முதல் நாளே வந்துவிட்டாள். தம்பி மென்று விழுங்குவதைப் பார்த்து அவளே விஷயத்தை உடைத்தாள். அவளும் சாமானியப்பட்டவள் இல்லை.

“நான் சமையக்காரியா நின்னுக்கிறேன்டா. அதுக்குத்தான இந்த முழி முழிக்கிற? ஆனா கல்யாணத்தன்னைக்கு நான்தான் அத்தை. மொத நலங்கு நான்தான் வைப்பேன். கண்டியிலேயே நல்ல சீலையா எடுத்துத் தரணும். சம்மதமா?”

“சம்மதம்க்கா, சம்மதம்” என்றார் ராஜலிங்கம். கல்யாணம் முடிவாகட்டும், நலங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

சீதா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “அத்தையை ஏன்ப்பா சமையக்காரின்னு சொல்லணும்?”

“நீ சும்மா இரும்மா. எனக்கு நடிக்க வரும்” என்று மூக்காயி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். பெரியதம்பி கோட்டுப் போட்டிருந்தார், கண்டி வெயிலில் அவர் வியர்த்து வழிந்தது பார்க்கவே பாவமாக இருந்தது. மனைவியை “மிசிஸ், ரேகா” என்று அறிமுகப்படுத்தினார். சண்முகநாதன் நல்ல பிள்ளையாகச் சிரித்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தான். மூக்காயி பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, “சமையலுக்கு நிக்கிற பொம்பளை. தோட்டத்துப் பக்கம். நம்பிக்கையான ஆள்” என்று ராஜலிங்கம் சொன்னார்.

“இந்தக் காலத்துல நம்பிக்கையான ஆள் கிடைக்கிறது கஷ்டம். எங்களுக்கும் தோட்டத்து ஆளுங்க சரிவரல” என்றார் பெரியதம்பி. அவர் மனைவி மட்டும் மூக்காயியின் கைவிரல்களில் ஊறிப்போன கொழுந்துச் சாற்றின் கறுப்பையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தன் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

தாத்தாக்களின் வியாபாரம் இரண்டு பக்கமும் பேசித் தீர்ந்தது. இங்கே புடவைக் கடை, அங்கே நகைக் கடை. அதற்கு மேல் பேசினால் கடை எந்தத் தெருவில் என்று கேள்வி வரும் என்பதால், “வழக்கம்போல ஒரு கேம் போடுவமா?” என்று ராஜலிங்கம் பெட்டியைத் திறந்தார். பலகையில் மலை இருந்தது, பங்களா இருந்தது, ஆலை இருந்தது. சுண்டுவிரல் நகமளவு மரப் பொம்மைகளாகக் கொழுந்துக்காரிகள் இருந்தார்கள். சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு துரையானார்கள். அவர்கள் மனைவிமார் பொம்மைகளை நகர்த்தினார்கள். சீதா இங்கிலீஷில் இருந்த விதிகளைப் படித்துத் தமிழில் சொன்னாள்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஜெர்மன்காரன் நினைத்தபடியே நடந்தது. பிறகு ரேகா ஒரு சீட்டை எடுத்தாள். அதில் மழை மேகம்.

“மழை வந்தா அன்னைக்கு வேலை இல்லை. அந்த ஆட்களுக்கு ஒண்ணும் கிடைக்காது” என்று சீதா படித்தாள்.

“அதெப்படி?” ரேகா நிமிர்ந்தாள். “காலையில மலைக்கு ஏறியாச்சுல்ல? நடுவுல மழை பேஞ்சா அரைப்பேராவது போடணும்ல?”

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். நகைக் கடைக் குடும்பத்துக்கு வாய்த்த மருமகளுக்கு இது தெரிய நியாயமே இல்லை. பெரியதம்பியின் முகத்தில் வியர்வை இன்னும் கூடியது.

அந்த நேரம் பார்த்து, புடவைக் கடை வம்சத்துச் சுந்தரி பொருமினாள். “எந்தத் தொரை போட்டான் அரைப்பேரு? ஈரக் கொழுந்துன்னு நிறுவையில வேற கழிப்பான், படுபாவி!”

சொன்ன பிறகுதான் அவள் வாயைப் பொத்தினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே இரண்டு பெண்கள் பேசியதில் நாலு பேர் கெட்டார்கள். சீதா விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

முதலில் சிரித்தது பெரியதம்பிதான். அடக்கிப் பார்த்தும் முடியாமல் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ராஜலிங்கமும் சிரித்தார். அப்புறம் ஜெர்மன்காரனின் விதிகளை யாரும் கேட்கவில்லை. ரேகா தேக்கரண்டியைக் குறுக்கே வைத்துப் பொம்மைகளை வரிசையாக நிறுத்தினாள். “ராக்கு, நிரை கோணுது பாரு!” என்று பெரியதம்பி கத்தியபோது ரேகா ராக்கம்மாவானாள். சுந்தரி எல்லாப் பொம்மைகளையும் ஆலைக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்து, “அரைப்பேரு போடுற வரைக்கும் ஒருத்தியும் மலைக்கு ஏற மாட்டா” என்று வேலைநிறுத்தம் அறிவித்தாள். துரைமார் இரண்டு பேரும் கெஞ்சினார்கள்.

உண்மையைச் சொல்வதென்றால், அந்தக் கொஞ்ச நேரம்தான் ராஜலிங்கம் தன் சொந்த வீட்டில் நிம்மதியாக மூச்சுவிட்ட நேரம். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளியவர் பட்டென்று விட்டது போல அவருக்கு இருந்தது. கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய்யில் பெருமை பேசிப் பழகிய வாய், உண்மை கிடைத்ததும் அதிலும் பெருமை பேசக் கிளம்பியது.

“எங்கம்மா கொழுந்தெடுத்தா ரெண்டு கையும் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு வேகம்” என்று பெரியதம்பிதான் ஆரம்பித்தார்.

“அதெல்லாம் சும்மா. எங்கக்கா மூக்காயி மாதிரி எடுக்க அந்த டிவிசன்லயே ஆள் கிடையாது. கங்காணியே கும்பிடு போடுவான். அவ எடுத்த கொழுந்துலதான் நான் படிச்சேன், தெரியுமா?”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ராஜலிங்கம் அதையும் கவனிக்கவில்லை.

“அப்படிப்பட்ட அக்காவா!” ராக்கம்மாவுக்கு உண்மையாகவே மனம் நிறைந்துவிட்டது. “எங்க இருக்காங்க? இன்னைக்குக் கூப்பிட்டிருக்கலாமே. பொண்ணுக்கு அத்தை இல்லாம என்ன பேச்சுவார்த்தை?”

ராஜலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் பிறந்ததை ஒப்புக்கொண்டாயிற்று, அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஆனால் சற்று முன் பலகாரத் தட்டோடு வந்து போன நம்பிக்கையான ஆள்தான் அந்த அக்கா என்று எந்த வாயால் சொல்வது? தோட்டத்தை மறைத்தது வெட்கக்கேடு. அக்காவைச் சமையல்காரி என்று சொன்னதற்குப் பெயரே கிடையாது. சீதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்கப்பா என்று அவள் கண் கெஞ்சியது.

“அக்கா இல்லைங்க. போய்ச் சேந்துட்டா” என்றார் ராஜலிங்கம்.

ராக்கம்மாவின் முகம் மாறியது. “ஐயோ. எப்ப?”

“போன... போன ஆடியில.”

“கட்டிக் குடுத்த எடத்துலயா?”

“இல்ல, அவ கல்யாணம் கட்டல. எங்ககூடத்தான்...”

“அப்ப இந்த வீட்டுச் சாவுல்ல!” ராக்கம்மா கையிலிருந்த பொம்மையை மேசையில் வைத்தாள். “இது மாசி. வருசம் திரும்பலையே? சாவு விழுந்த வீட்ல வருசம் திரும்பாம பொண்ணு பாக்க எப்படிங்க கூப்பிட்டீங்க? நாங்க வேற கையை நனைச்சுட்டோமே!”

புடவைக் கடை, நகைக் கடை எல்லாம் இடிந்தபோதுகூட ராஜலிங்கம் இவ்வளவு நிலைகுலையவில்லை. ஒரு அவசரத்துக்கு ஆளைச் சாகடித்தவர், தீட்டை மறந்துபோனார்.

அடுப்படித் திரை விலகியது. மூக்காயி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். யாரையும் பார்க்காமல் ஒவ்வொருவர் முன்னாலும் கோப்பையை வைத்தாள். தம்பிக்கு முன்னால் மட்டும் நங்கென்று வைத்தாள்.

“குடிங்க” என்றாள். “செத்தவ போட்ட தேத்தண்ணி. சீக்கிரம் ஆறிடும்.”

ராக்கம்மா தான் முன்பு பார்த்த அந்த விரல்களை மறுபடி பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. எழுந்து அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். பெரியதம்பி அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார், பிறகு தானே எழுந்து கோட்டை மாட்டினார். “நாங்க தரகர்கிட்டச் சொல்லி அனுப்புறோம்” என்றார். சண்முகநாதன் இவ்வளவுக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சீதா அவனையே பார்த்தாள். அவன் போனை எடுத்து அதில் எதையோ அவசரமாகத் தேடிக்கொண்டே வாசலுக்குப் போனான்.

மறுநாள் காலை தரகரின் போன் வந்தது. ராஜலிங்கம் எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார், நல்ல செய்தி என்று குரலிலேயே தெரிந்துவிட்டதால்.

“அவங்களுக்குச் சம்மதம் ஐயா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னு தெரிஞ்சுபோச்சு, இனி ஒருத்தரை ஒருத்தர் வெளியில காட்டிக் குடுக்க வேணாம்ங்கிறாரு பெரியதம்பி. ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணத்துக்குப் பெரிய இடத்து ஆட்கள் வருவாங்க. அந்த அம்மா விசயம் நீங்க சொன்னபடியே, செத்துட்டதாவே இருக்கட்டுமாம். அவங்க வர வேணாம். தீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டுலயே ஒரு ஐயரைப் பிடிச்சு பரிகாரம் கேட்டுட்டாங்க.”

ராஜலிங்கத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மூக்காயி கதவோரத்தில் பையோடு நின்றாள். பஸ்ஸுக்குக் கிளம்பியவள் அவள். அவர் அவளைப் பார்த்தார். “அக்கா, ஒரு நாள்தானக்கா... பிள்ளை வாழ்க்கை...”

“அதுக்கென்னடா, செத்தவ நலங்கு வைக்கக் கூடாதுதான்” என்றாள் மூக்காயி. கலக்கத்தை மறைக்கச் சத்தமாகப் பேசினாள். “ஆனா பரிகாரமெல்லாம் எனக்கு வேணாம். முறையா கருமாதி பண்ணு. தம்பி நீ மொட்டை போடணும். தெல்தோட்டைக்கு வா. லயத்துல எல்லாரும் இருப்பாங்க, நானும் இருப்பேன். என் முன்னால நின்னு, அக்கா செத்துட்டான்னு சொல்லிட்டு, மகளைக் கட்டிக் குடு.”

ராஜலிங்கம் தலையைத் தடவினார். இந்த நிலைமையிலும் அவர் யோசித்தது மொட்டையைப் பற்றித்தான். கம்பனியில் என்ன சொல்வது?

சீதா அவர் கையிலிருந்து போனை எடுத்தாள்.

“தரகரையா, நான் சீதா. எங்கத்தை செத்துட்டாங்கன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. அதனால எங்க வீடு சாவு வீடு. வருசம் திரும்பினாலும் யாரும் வர வேணாம். சண்முகநாதன்கிட்டயும் சொல்லிடுங்க. கதிரையில ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாரே, அவருக்குத் தெரியும்.”

போனை மேசைமேல் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு, அத்தையின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டினாள். இரண்டு பேரும் தெல்தோட்டை பஸ் பிடிக்கப் போனார்கள். கூப்பிட ராஜலிங்கம் வாசல் வரை வந்தார். எதிர் வீட்டுக்காரர் வேலியோரம் நிற்பதைக் கண்டு, கூப்பிடாமல் திரும்பிவிட்டார்.

உள்ளே மேசைமேல் தோட்டம் அப்படியே கிடந்தது. பொம்மைக் கொழுந்துக்காரிகள் ஆலைக்கு முன்னால் இன்னும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார்.

“சுந்தரி, தலை வலிக்குது. ஒரு தேத்தண்ணி போடு.”

சுந்தரி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. பதில் மட்டும் வந்தது.

“செத்தவ போட்டு வச்சுட்டுப் போயிருக்கா. நீங்களே சுட வச்சுக் குடிங்க.”